பாட்டு, நடிப்பு, மாதச் சம்பளம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மென்பொருள் துறையில் 9 வருடமாக வேலை. மாலையில் பாட்டு, வார இறுதியில் நாடக ஒத்திகை. இரண்டையும் முழுநேரமாகச் செய்ய ஆசை. ராஜினாமா கடிதம் தயார், 6 மாதச் செலவுக்குப் பணமும் இருக்கிறது. போதுமா?

போதாது. 6 மாதம் என்பது கம்பெனி மாறுகிறவருக்கான கணக்கு. கலைத்துறையில் வேலை முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துப் பணம் வருவது சகஜம். 12 மாதச் செலவை ஒதுக்குங்கள். உங்கள் வருமானத்தை நம்பிக் குடும்பம் இருந்தால் 18 மாதம். கடன் தவணை, பாட்டு ஆசிரியருக்கான கட்டணம், புகைப்படம், ஆடிஷனுக்குப் போய்வரும் செலவு எல்லாவற்றையும் அதில் சேர்க்க வேண்டும். கம்பெனி தரும் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு சேர்ந்தே போய்விடும். சம்பளச் சீட்டு இல்லாதவருக்குக் கடன் கிடைப்பதும் கடினம். இந்த இரண்டையும் வேலையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

எப்போது விடுவது என்பதற்குப் பணத்தைவிட நல்ல அளவுகோல் ஒன்று உண்டு. ஒரு நோட்டுப் புத்தகத்தில், அலுவலகத்தால் நழுவிய வாய்ப்புகளை மட்டும் எழுதி வாருங்கள்: தேதி, என்ன வேலை, எவ்வளவு தருவதாகச் சொன்னார்கள். மூன்று நான்கு மாதம் தொடர்ந்து அந்தப் பக்கம் நிறைந்தால் வேலைதான் தடை, விடலாம். பக்கம் காலியாகவே இருந்தால் ராஜினாமா எதையும் மாற்றாது. ஆடிஷன்களும் மேடைகளும்தான் கூட வேண்டும். வேலை எப்போதும் தடையாகவே இருப்பதில்லை. பாஸ்டன் என்ற அமெரிக்க ராக் குழுவின் டாம் ஷோல்ஸ், அமெரிக்காவின் எம்ஐடியில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்தவர். போலராய்டு கம்பெனியில் வாங்கிய சம்பளத்தைக் கொண்டுதான் வீட்டு அடித்தளத்தில் ரிகார்டிங் கருவிகளைச் சேர்த்தார். குழுவின் முதல் ஆல்பம் 1976இல் வந்தது.

ஷூட்டிங் பகலைக் கேட்கும். ரிகார்டிங் இரவிலும் நடக்கும். அதனால் வேலையில் இருக்கும்வரை பாட்டை முன்னால் வைத்து, நடிப்பில் சிறு வேடங்களோடு நிறுத்திக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

கேள்வி: ஆடிஷன் வீடியோவை வீட்டிலேயே எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். 11 அனுப்பியும் பதில் இல்லை. கேமராவில் குறையா, நடிப்பிலா?

தேர்வாகாதவர்களுக்குப் பதில் போடும் வழக்கமே பெரும்பாலும் இல்லை. மௌனத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

போனைப் படுக்கைவாக்கில், கண் மட்டத்தில் நிறுத்துங்கள். மார்புக்கு மேலே தெரிந்தால் போதும். ஜன்னல் உங்கள் முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கருத்துவிடும். போன் கேமராவில் எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, மாறாதபடி பூட்டுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் அசையும்போதெல்லாம் வெளிச்சம் ஏறி இறங்கும். எதிர்வசனம் படிப்பவர் லென்ஸை ஒட்டியே நிற்கட்டும். ஒரு கை தூரம் தள்ளி உட்கார்ந்தாலே உங்கள் கன்னம்தான் தெரியும், கண் தெரியாது. அவர் போனுக்குப் பக்கத்தில் இருப்பதால் உங்களைவிடத் தாழ்ந்த குரலில் பேச வேண்டும். நீங்கள் 2 மீட்டர் தள்ளி நின்றால் அறையின் எதிரொலிதான் பதிவாகும். சட்டைக் காலரில் ஒரு சின்ன மைக் குத்திக்கொள்ளுங்கள்.

இனி நடிப்பு. எடுத்த வீடியோவைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். மற்றவர் பேசும்போது உங்கள் உதடு லேசாக அசைகிறதா? பார்வை ஒரே இடத்தில் உறைந்து நிற்கிறதா? அடுத்த வசனத்தை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள், அவர் பேச்சைக் கேட்கவில்லை என்று பொருள். எல்லாவற்றையும் பிழையில்லாமல் செய்து பழகியவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். வசனத்தை ஏற்ற இறக்கமே இல்லாமல், பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்லும் அளவுக்கு மனப்பாடம் செய்யுங்கள். தொனியோடு மனப்பாடம் செய்தால் அந்தத் தொனியே பூட்டாகிவிடும். இரண்டு டேக் அனுப்பினால் போதும். இரண்டாவது முதலாவதிலிருந்து நிஜமாகவே வேறுபட வேண்டும்.

கேள்வி: நல்ல மைக் வாங்கியும் குரல் குளியலறையில் பாடியது போல் வருகிறது.

குறை அறையில் இருக்கிறது. பாடுவதற்கு நாம் வழக்கமாக வாங்கும் கார்டியாய்டு மைக் முன்பக்கத்தைத்தான் கேட்கும். உங்களுக்குப் பின்னால் உள்ள சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி நேராக அதற்குள் போகிறது. ஆகவே கனமான கம்பளியை மைக்குக்குப் பின்னால் தொங்கவிடுவதைவிட உங்கள் முதுகுக்குப் பின்னால் தொங்கவிடுவது பலன் தரும். முட்டை அட்டைகளுக்கு அடர்த்தி இல்லை, வீண் வேலை. வாய்க்கும் மைக்குக்கும் 15 முதல் 20 செ.மீ. இடைவெளி, ரிகார்டிங் செட்டிங்கில் 24 பிட் பதிவு, ஒலி மீட்டரில் உச்ச அளவு மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவே.

கேள்வி: கத்தி நடிக்கும் ஒத்திகைக்குப் பிறகு மேல் ஸ்தாயி எட்டவில்லை. என்ன செய்வது?

குரல் நாண்கள் வீங்கியிருக்கலாம். மேல் ஸ்வரங்களுக்கு அவை மெல்லியதாக நீள வேண்டும். வீங்கினால் முதலில் போவது சத்தம் குறைத்துச் சன்னமாகப் பாடும் மேல் ஸ்வரம். தினமும் காலையில் அதையே பாடிச் சோதியுங்கள். காற்று கலந்து வந்தாலோ தாமதமாகப் பிடித்தாலோ அன்று கத்தக் கூடாது. ஒரே நாளில் இரண்டும் இருந்தால் பாட்டு முதலில், கத்தல் பிறகு. முடிந்ததும் ஒரு ஸ்ட்ராவின் நுனியைத் தண்ணீரில் 2, 3 செ.மீ. அமிழ்த்தி, அதன் வழியே 5 நிமிடம் முனகுங்கள். குடிக்கிற தண்ணீர் நாண்களைத் தொடுவதில்லை, உணவுக்குழாயில் போகிறது. பாடும் நேரத்தில் மடக் மடக்கென்று குடிப்பதைவிட நாள் முழுக்கக் குடிப்பதே உதவும். தொண்டையைச் செருமாதீர்கள். கரகரப்பு 3 வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் நாண்களை நேரில் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நண்பரும் நானும் சேர்ந்து போட்ட பாட்டு யாருக்குச் சொந்தம்?

பாட்டில் இரண்டு சொத்து உண்டு: வரியும் மெட்டும் ஒன்று, ஒலிப்பதிவு இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனியாக, கூட்டினால் 100 வரும்படி சதவிகிதம் எழுதி, பாட்டு முடிந்த அன்றே இருவரும் கையெழுத்திடுங்கள். பணம் வந்த பிறகு பேசினால் நட்பு கெடும். இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்: வேலைக் காலத்தில் உருவாக்கியவை கம்பெனிக்கே உரியவை என்று சில ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். உங்களுடையதை எடுத்துப் படியுங்கள். அலுவலக லேப்டாப்பில் ஒரு மெட்டைக்கூடச் சேமிக்காதீர்கள்.