குப்பைக் கிடங்கு அருகே நிலத்தடி நீரில் ஆர்சனிக்: மூலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆர்சனிக் பாறையிலும் மண்ணிலும் இயற்கையாகவே உள்ள நச்சுத் தனிமம். பெரும்பாலும் மணல் துகள்மேல் படிந்த இரும்புத் துருவில் ஒட்டிக்கொண்டிருக்கும். அழுகும் குப்பையின் கசிவுநீர் கீழே இறங்கினால், நுண்ணுயிரிகள் அங்குள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். அப்புறம் துருவில் கைவைக்கும். துரு கரைய, ஆர்சனிக்கும் நீரில் கலக்கும். சுவரில் சுண்ணாம்பு உதிரும்போது ஒட்டிய தூசியும் சேர்ந்து விழுகிறதே, அப்படித்தான்.

சரி, மூலம்? நிலத்தடி நீரோட்டத்தில் கிடங்குக்கு முன்னும் பின்னும் உள்ள கிணறுகளை ஒப்பிட வேண்டும். பின்கிணற்றில் மட்டும் ஆர்சனிக்கோடு, குப்பையிலிருந்து வழக்கமாகக் கசியும் குளோரைடு, போரான், அம்மோனியாவும் கூடியிருந்தால் கசிவுநீர்மேல் சந்தேகம் வலுக்கும். இறைக்கும்போது தெளிவாக இருந்த நீர் வாளியிலேயே செம்பழுப்பாக மாறினால், இரும்பு கரைந்திருக்கிறது. இரு பக்கமும் ஒரே அளவு என்றால் மண்ணே காரணமாக இருக்கலாம்.

“குப்பையில் ஆர்சனிக்கே இல்லை, அதனால் கிடங்குக்குச் சம்பந்தமில்லை” என்பார்கள். மண்ணில் இருந்ததை அவிழ்த்துவிட்டது அதே கிடங்காக இருக்கலாம்.