‘பிட்’ என்றால் எவ்வளவு, மாஸ்டர்?

சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே ‘பிட்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் போகிற போக்கில் தொட்டுவிட்டுப் போனேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இம்முறை அதிகம். ஆகவே இந்த இதழில் வேறு விஷயம் இல்லை.

கேள்வி: அலுவலகத்தில் நான் கொடுக்க வேண்டிய அறிக்கை பிந்திவிட்டது. ‘யூ ஆர் எ பிட் லேட்’ என்று மேலாளர் மின்னஞ்சல் அனுப்பினார். கொஞ்சம்தானே என்று ஆறுதலாக இருந்தேன். அவர் நல்ல கோபத்தில் இருக்கிறார் என்கிறாள் பக்கத்து மேசைக்காரி. யார் சொல்வது சரி? – வாசகி, பம்பலப்பிட்டி

பக்கத்து மேசைக்காரி சொல்வதுதான். முதலில் போய் அறிக்கையைக் கொடுத்துவிட்டு வாருங்கள், மிச்சத்தை அப்புறம் வாசிக்கலாம்.

பிட் என்றால் சிறு துண்டு. கடதாசித் துண்டு, கண்ணாடித் துண்டு, பாண் துண்டு எல்லாமே பிட்தான். அதுவே ‘எ பிட்’ என்று ஒரு பண்புச்சொல்லுக்கு முன்னால் வந்தால் ‘கொஞ்சம்’ ஆகிவிடுகிறது. எவ்வளவு கொஞ்சம் என்பது சொல்கிற ஆளின் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். மின்னஞ்சலில் முகம் ஏது? கசப்பான செய்தியைச் சிறிதாக்கிச் சொல்வது ஆங்கிலேயரின் மரியாதை. நம்மிடமும் அது உண்டு. கல்யாண வீட்டில் ‘சோறு கொஞ்சம் குழைஞ்சு போச்சு’ என்று சமையல்காரர் வந்து சொன்னால், அன்றைக்குக் கஞ்சிதான்.

கெட்டதைச் சிறிதாக்கும் சொல் என்பதால், இதற்குப் பின்னால் வருபவையும் பெரும்பாலும் குறை சொல்லும் சொற்களே. ‘எ பிட் எக்ஸ்பென்சிவ்’, ‘எ பிட் டயர்ட்’, ‘எ பிட் நொய்சி’ எல்லாம் சரி. ‘எ பிட் நைஸ்’ என்று எழுதினால் வாசிப்பவர் விழிப்பார். தோழியின் சேலையை ‘எ பிட் சீப்’ என்று புகழ்ந்துவிடாதீர்கள். விலை குறைவு என்று நீங்கள் நினைத்துச் சொல்வீர்கள், தரம் குறைவு என்று அவள் எடுத்துக்கொள்வாள். ஒப்பிட்டுப் பேசும்போது மட்டும் இந்தத் தொல்லை இல்லை. ‘எ பிட் பெட்டர்’, ‘எ பிட் சீப்பர்’ என்று தாராளமாக எழுதலாம்.

எண்ணக்கூடிய பெயர்ச்சொல் ஒருமையில் வந்தால் நடுவில் இரண்டு சிறு சொற்கள் வேண்டும்: ‘எ பிட் ஒஃப் எ ப்ரொப்ளம்’. என்னிடம் ரியூஷனுக்கு வந்த பிள்ளைகள் ‘எ பிட் ப்ரொப்ளம்’ என்றே எழுதுவார்கள், என் சிவப்புப் பேனையில் பாதி மை அங்கேதான் தீரும். நல்ல ஆங்கிலம் கதைக்கும் ஒருவர் அமைதியான குரலில் ‘வி ஹாவ் எ பிட் ஒஃப் எ ப்ரொப்ளம்’ என்று தொடங்கினால் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘குவைட் எ பிட்’ என்றாலோ நிறைய. ‘தட்ஸ் எ பிட் மச்’ என்றால் இது அநியாயம்.

கேள்வி: நாங்கள் விற்கும் ட்ரில் பிட் கெட்டியான உருக்கு. பிட் என்றால் துண்டு என்று மகளின் புத்தகத்தில் இருக்கிறது. சுவரைத் துளைக்கிற சாமான் எப்படித் துண்டாகும்? – ஹாட்வெயார் கடைக்காரர், பழைய சோனகத் தெரு

இந்தக் கடிதத்துக்காகவே உங்கள் கடைக்கு ஒருநாள் வர வேண்டும்.

எல்லாம் ‘பைட்’ என்ற வினையிலிருந்து வந்தது, அதாவது கடித்தல். பழைய ஆங்கிலத்தில் கடிக்கும் செயலுக்கு ஒரு சொல், கடித்தெடுத்த துண்டுக்கு இன்னொரு சொல் என்று மிக நெருங்கிய இரண்டு இருந்தன. காலப்போக்கில் இரண்டும் தேய்ந்து பிட் என்ற ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன. உங்கள் கடையில் இருப்பது கடிக்கிற பிட், மகளின் புத்தகத்தில் இருப்பது கடிபட்ட பிட். குதிரையின் வாயில் போடும் இரும்புக்கும் பிட் என்றே பெயர். நம் கடிவாளத்திலும் முன்னால் நிற்பது ‘கடி’ என்பதைக் கவனித்தீர்களா? சின்ன வயதில் சட்டைத் துணியைச் சுற்றிக் காக்காய்க்கடி கடித்து இனிப்பைப் பங்குபோட்டோமே, கைக்கு வந்த அந்தத் துண்டுதான் அசல் பிட்.

கேள்வி: 100 மெகாபிட் இணைப்பு என்று பணம் கட்டுகிறேன். படம் இறக்கும்போது கணினியில் 12க்கு மேல் ஏறுவதே இல்லை. ஏமாற்றுகிறார்களா? – வாசகர், வெள்ளவத்தை

ஏமாற்றவில்லை. விளம்பரம் பிட்டில் பேசுகிறது, உங்கள் கணினி பைட்டில் பேசுகிறது. 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100ஐ 8ஆல் வகுத்தால் 12.5. உங்களுக்கு 12 வருகிறது என்றால் நல்ல இணைப்புத்தான், என் வீட்டுக்கு அதுவும் வருவதில்லை. ஆங்கிலத்தில் சுருக்கி எழுதும்போது பிட்டுக்குச் சின்ன ‘பி’, பைட்டுக்குப் பெரிய ‘பி’. விளம்பரப் பலகையில் அதை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

இந்தப் பிட் வேறு வழியில் வந்தது. ‘பைனரி டிஜிட்’ என்பதைக் கணிதவியலாளர் ஜோன் டுக்கி சுருக்கினார். 1948இல் தகவல் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்ட க்ளோட் ஷனன் தம் புகழ்பெற்ற கட்டுரையில் டுக்கியின் பெயரைச் சொல்லியே அதைப் பயன்படுத்தினார். பூச்சியம் அல்லது ஒன்று, அதற்குக் கீழே உடைக்க முடியாத துண்டு. 1956இல் ஐபிஎம் கணினி நிறுவனத்தின் வேர்னர் புக்ஹோல்ஸ் ‘பைட்’ என்று பெயர் வைத்தபோது, கடித்தல் என்ற ‘பைட்’டின் எழுத்துக்கூட்டலில் வேண்டுமென்றே ஓர் எழுத்தை மாற்றினார் (bite, byte). தட்டச்சில் கடைசி எழுத்து விடுபட்டால் பைட் பிட்டாகிவிடக் கூடாதே என்ற கவலை.

தமிழருக்கு இதில் ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 1120 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும், ஆகவே 160 எழுத்து. தமிழுக்கு 16 பிட், ஆகவே 70தான். அதிலும் ‘கி’ என்று எழுதினால் ‘க’வுக்கு ஒன்று, விசிறிக்கு ஒன்று என இரண்டு இடம் போய்விடும். தமிழில் வாழ்த்து அனுப்பியவர்களின் காசு ஏன் சீக்கிரம் கரைந்தது என்று இப்போது விளங்குகிறதா?

கேள்வி: பழைய கௌபோய் படத்தில் ‘டூ பிட்ஸ்’ என்று காசைப் பற்றிச் சொல்கிறார்கள். எவ்வளவு? – வாசகர், தெஹிவளை

25 சதம், அமெரிக்கச் சதம். அங்கே முன்பு புழங்கிய ஸ்பானிய டொலரில் எட்டு ரியால். எட்டில் ஒன்றைத்தான் பிட் என்றார்கள், இரண்டு பிட் என்றால் கால் டொலர்.

கேள்வி: பத்திரிகைத் துணுக்கை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? – மாணவி, கொட்டாஞ்சேனை

‘டிட்பிட்’. ஆங்கிலேயர் titbit என்று எழுதுவதை அமெரிக்கர் tidbit என்று எழுதுவார்கள். சுவையான சிறு உணவுக்கும் இதே சொல்தான். 1881இல் இங்கிலாந்தில் இந்தப் பெயரிலேயே ஒரு வார இதழ் தொடங்கினார்கள், முழுக்க முழுக்கத் துணுக்கு. துணுக்கு எழுதிக் கைபழகி எழுத்தாளரானவர்கள் நம்மிடமும் நிறையப் பேர், அடியேன் உட்பட.

கேள்வி: ‘நொட் எ பிட் டயர்ட்’, ‘நொட் எ லிட்டில் டயர்ட்’ இரண்டும் ஒன்றா? – ஓ.எல் மாணவன், மட்டக்குளி

நேர் எதிர். முதலாவது, களைப்பே இல்லை. இரண்டாவது, சரியான களைப்பு. பரீட்சை மண்டபத்தில் குழம்பிவிட்டால் ‘வெரி டயர்ட்’ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள் தம்பி, யாரும் புள்ளி குறைக்க மாட்டார்கள்.