கேள்வி-பதில்: டிஸ்க்கை எண்ணினீங்க, ராமை எண்ணினீங்களா?

கேள்வி: 200 டிபி ஸ்டோரேஜ் பாக்ஸ், 16 ஜிபி ராம், எக்ஸ்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் (டிஸ்க்ல ஃபைல்களை அடுக்கி வைக்கற முறை). கரண்ட் போய் வந்ததுல இருந்து மவுண்ட் ஆகல. ரிப்பேர் போட்டா பாதியில தானா செத்துடுது. வித்தவர் "டேட்டா போச்சு, புது பாக்ஸ் எடுங்க"ங்கறார்.

எடுக்காதீங்க. எனக்குத் தெரிஞ்சு உங்க டேட்டா அங்கயேதான் இருக்கும், ராம் பத்தாம கெர்னல் ரிப்பேரைக் கொன்னுருக்கும், சிஸ்டம் லாக்ல ஓஓஎம்னு (அவுட் ஆஃப் மெமரி) இருக்கான்னு பாருங்க. எக்ஸ்எஃப்எஸ் தினசரி ஓட கொஞ்சம் ராம் போதும், ஆனா ரிப்பேர் பண்ணும்போது ஃபைல் எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரி மெமரி கேக்கும். எவ்வளவுன்னு அதுவே சொல்லும்: எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர் கமாண்ட் கூட -என், -விவி, -எம் 1 போட்டு ஓட்டுங்க, டிஸ்க்கைத் தொடாம கணக்கை மட்டும் காட்டும். அப்புறம் எஸ்எஸ்டில ஸ்வாப் (ராம் பத்தாதப்ப ராம் மாதிரி பயன்படற டிஸ்க் இடம்) கொடுங்க, இல்ல ராம் அதிகம் இருக்கற மெஷின்ல டிஸ்க்கை மாட்டி ஓட்டுங்க. பெரிய எழுத்து -எல் (L) மட்டும் யார் சொன்னாலும் உடனே போடாதீங்க, அது எக்ஸ்எஃப்எஸ் தனக்குன்னு வச்சிருக்கற லாக்கையே அழிச்சிடும், கடைசியா எழுதினது போயிடலாம். பாக்ஸ் விக்கும்போது இதைச் சொல்லாம, இப்ப இன்னொண்ணு விக்கப் பாக்கறாரே அவர், அவர்கிட்ட பேசறதை எழுத்துல வச்சுக்கோங்க.

கேள்வி: எக்ஸ்எஃப்எஸ் வால்யூமை 100 டிபில இருந்து 60ஆ சுருக்கணும், எப்படி?

முடியாது. பேக்கப் எடுத்து, புதுசா ஃபார்மேட் பண்ணி, திரும்பக் கொட்டுங்க.

கேள்வி: 10 டிபி டிஸ்க் 9.09தான் காட்டுது. ஏமாத்திட்டாங்களா?

இல்ல. அவங்க ஆயிரத்தால பெருக்கறாங்க, உங்க சிஸ்டம் 1024ஆல வகுக்குது. இதை மாசம் மூணு பேர் கேக்கறீங்க.

கேள்வி: இசட்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டத்துல டீடூப் (ஒரே டேட்டா திரும்ப வந்தா ஒரு தடவை மட்டும் வைக்கறது) போட்டா பாதி டிஸ்க் போதும்னாங்க. 40 டிபி டேட்டா, 32 ஜிபி ராம். போட்டுடவா?

வேணாம். எது ரிப்பீட்னு கண்டுபிடிக்க அது ஒரு டேபிள் வச்சுக்கும், ஒவ்வொரு தனி ப்ளாக்குக்கும் அதுல சுமார் 320 பைட் போகும். 128 கேபி ப்ளாக்னா 1 டிபிக்கு கிட்டத்தட்ட 84 லட்சம் ப்ளாக், அதுவே 2.5 ஜிபி. டேட்டா பெருசா ரிப்பீட் ஆகலைன்னா உங்க 40க்கு நூறு ஜிபி, டேபிளுக்கு மட்டும். விஎம் (வர்ச்சுவல் மெஷின்) வச்சு 16 கேபி ப்ளாக்ல ஓட்டினா இதுவே எட்டு மடங்கு. ராம்ல அடங்கலைன்னா ஒவ்வொரு ரைட்டுக்கும் டிஸ்க்குல போய்த் தேடும், நீங்க உக்காந்து பாத்துட்டு இருக்கணும். அப்புறம் ஆஃப் பண்ணினாலும் ஏற்கனவே எழுதினது டீடூப்லயேதான் இருக்கும். எல்இசட்4 கம்ப்ரெஷன் போட்டு விடுங்க, போதும்.

கேள்வி: எக்ஸ்எஃப்எஸ் 8 எக்சாபைட் (ஒரு எக்சாபைட் பத்து லட்சம் டிபி) வரைக்கும் தாங்கும்னு ப்ரோஷர்ல போட்டிருக்கு. 900 டிபிய ஒரே வால்யூமா போடலாம்தானே?

இந்த ப்ரோஷர் நம்பரைப் பாத்தாலே எனக்கு எரியும். 8 எக்சாபைட்ங்கறது டிசைன்ல இடம் இருக்குங்கற கணக்கு, அந்த சைஸ்ல யாரும் ஓட்டிப் பாத்துட்டு உங்களுக்கு எழுதல. லினக்ஸ் கம்பெனி ரெட் ஹேட்டையே எடுத்துக்கோங்க, எக்ஸ்எஃப்எஸுக்கு அவங்க சப்போர்ட் பண்றது அவங்க லினக்ஸான ஆர்ஹெச்இஎல் வெர்ஷன் 7ல 500 டெபிபைட் (1024 கணக்குல டிபி), 8ல 1 பெபிபைட் (1024 டெபிபைட்). இஎக்ஸ்டி4ங்கற இன்னொரு ஃபைல்சிஸ்டத்துக்கு காகிதத்துல 1 எக்சாபைட், சப்போர்ட் 50 டெபிபைட், தனி ஃபைல் 16 டெபிபைட்டைத் தாண்டாது. அதனால மூணு கேள்வி கேளுங்க: சப்போர்ட் லிமிட் எவ்வளவு, நம்ம வெர்ஷனுக்கு எவ்வளவு, ரிப்பேருக்கு எவ்வளவு ராம். மூணாவதைக் கேட்டதும் சேல்ஸ்காரர் "டெக்னிக்கல் டீம் சொல்வாங்க"ன்னு போனை வைப்பார் பாருங்க. உங்க 900 டிபி, ஆர்ஹெச்இஎல் 8ல நிக்கும், 7ல நிக்காது. நானா இருந்தா நாலஞ்சா பிரிச்சுப் போடுவேன், ஒண்ணு கெட்டா அதை மட்டும் ரிப்பேர் பண்ணிக்கலாம்.

கேள்வி: டிஸ்க்ல பாதிக்கு மேல காலி, ஆனா இடம் இல்லைன்னு எர்ரர். வித்தவர் டிஸ்க் சேக்கச் சொல்றார்.

டிஎஃப் -ஐ கமாண்ட் போடுங்க, ஐநோட் எவ்வளவு மிச்சம்னு காட்டும். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ஐநோட் வேணும். இஎக்ஸ்டி4ல ஐநோட் ஃபார்மேட் அன்னிக்கே எண்ணி வச்சது, சாதாரணமா 16 கேபிக்கு ஒண்ணு. குட்டி குட்டி ஃபைலா போட்டா அது முதல்ல தீந்துடும். வால்யூமைப் பெருசாக்கினா ஐநோட்டும் கூடும், அதனால அவர் சொல்றது பொய் இல்ல, உங்க செலவுல தீக்கற வழி. ஃபார்மேட் பண்ணினது அவர்தான்னா காசு கொடுக்கும் முன்னாடி எத்தனை கேபிக்கு ஒரு ஐநோட்னு ரேஷியோ போட்டார்னு கேளுங்க.

கேள்வி: பழைய ஈசிசி ராம் (சின்ன பிழையைத் தானே திருத்திக்கற ராம்) சல்லிசா கிடைக்குது, வாங்கலாமா?

போர்டு மேனுவலைப் பாத்தீங்களா? நான் பாக்கல. டிடிஆர்4, நாலு ஸ்டிக், ஸ்லாட்ல க்ளிக்னு அழகா உக்காந்துச்சு, ஆன் பண்ணினா பீப் சத்தம் மட்டும். லேபிள்ல ஆர்னு ஒரு எழுத்து, ரெஜிஸ்டர்ட் ராம் (நடுவுல தனி ரெஜிஸ்டர் சிப் இருக்கற வகை), என் போர்டு அது இல்லாத அன்பஃபர்ட் வகை மட்டும்தான் எடுக்கும். கடையில கேட்டா "கவரைப் பிரிச்சுட்டீங்க, ரிட்டர்ன் இல்ல"ன்னுட்டாங்க. நாலும் இன்னும் ட்ராயர்லதான் கிடக்கு, ரெஜிஸ்டர்ட் எடுக்கற போர்டு யார்கிட்டயாவது இருந்தா எழுதுங்க.