கணவர் போட்ட கையெழுத்து செல்லுமா?

கேள்வி: என் வயது 43. கட்டியை மட்டும் லேப்ராஸ்கோப்பியில் எடுப்பதாகச் சொல்லி, தனியார் மருத்துவமனையில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். நான் மயக்கத்தில் இருந்தபோது வெளியே நின்ற கணவரிடம் அவசரமாகக் கையெழுத்து வாங்கி, கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். நர்ஸ்கள் மரியாதையில்லாமல் பேசினார்கள். பில்லும் சொன்னதைவிட இரு மடங்கு. ஆறு மாதமாகத் தூக்கமில்லை. 20 லட்சம் கேட்கலாமா?

பதில்: சகோதரி, நர்ஸ் பேச்சையும் பில்லையும் விடுங்கள். அன்று கர்ப்பப்பையை எடுக்காவிட்டால் உங்கள் உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி ஆபத்து இருந்ததா? இல்லையென்றால் கணவரின் கையெழுத்து செல்லாது. இதேபோல் மயக்கத்தில் இருந்தபோது கர்ப்பப்பை எடுக்கப்பட்ட சமீரா கோலி என்ற பெண்ணின் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. அங்கே கையெழுத்துப் போட்டது தாயார். 'பிறகு இன்னொரு ஆபரேஷன் தேவைப்படாது' என்ற டாக்டரின் சமாதானம் எடுபடவில்லை.

பலர் கவிழ்வது நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதும் இடத்தில். ஆத்திரத்தில் 'தவறான சிகிச்சை' என்று எழுதிவிடுவார்கள். ஆபரேஷன் முறைப்படிதான் நடந்தது என்று நிபுணர் அறிக்கை வந்ததும் வழக்கு படுத்துவிடும். கேட்காமல் எடுத்தார்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். போலீஸ் புகார் வேண்டவே வேண்டாம்; டாக்டர்கள் மீதான கிரிமினல் வழக்குக்கு உச்ச நீதிமன்றம் கடும் நிபந்தனை வைத்த ஜேக்கப் மேத்யூ தீர்ப்புக்குப் (2005) பிறகு அது நிற்பது கடினம்.

வக்கீல் நோட்டீஸ் விடும் முன் கேஸ் ஷீட் (உங்கள் சிகிச்சைக் குறிப்புகள்) நகலை மருத்துவமனையிடம் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். 72 மணி நேரத்தில் தந்தாக வேண்டும். நோட்டீஸ் போன பிறகு வரும் படிவங்களில் சில வரிகள் புதிதாக முளைத்திருக்கும், பார்த்திருக்கிறேன். நீங்கள் கையெழுத்திட்ட தாளில் 'கர்ப்பப்பை அகற்றம்' என்று வேறு மையில், வரிக்கு மேல் செருகியிருக்கிறதா? மயக்கம் கொடுத்தது 10.50, கணவர் கையெழுத்து 11.40 என்று குறிப்புகளில் இருந்தால் அவர்கள் தாளே உங்களுக்குச் சாட்சி. பழைய ஓ.பி. சீட்டையும் பாருங்கள். 'கர்ப்பப்பை எடுப்பது பற்றிப் பேசப்பட்டது' என்று ஒரு வரி இருந்தால், எதிர்தரப்பு வக்கீல் அதை வைத்தே உங்களைக் குறுக்கு விசாரணை செய்வார்.

20 லட்சத்தை மறந்துவிடுங்கள். சமீரா கோலி கேட்டது 25 லட்சம். 1995-ல் நடந்த ஆபரேஷனுக்கு 2008-ல் கிடைத்தது 25,000 ரூபாய். டாக்டருக்கு ஆபரேஷன் கட்டணம் கிடையாது என்றார்கள், அவ்வளவுதான். இன்று கூடுதலாகக் கிடைக்கலாம், ஆனாலும் பில் தொகையோடு கௌரவமான ஒரு தொகை தர மருத்துவமனை முன்வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கைக்கு வராமல் 'இனி கோரிக்கை இல்லை' என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். சமரசம் பேசிக்கொண்டிருப்பதால், நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடுவதற்கான இரண்டு வருடக் கெடு நீளாது. இழுத்தடித்தால் மனுவைத் தாக்கல் செய்துவிட்டுப் பேசுங்கள்.