உயிரியலை விடட்டும், நடனம் எடுக்கட்டும்

வன்னியில், கிளிநொச்சிப் பக்கத்து முரசுமோட்டையில் வயல் செய்யும் ஒரு குடும்பம். மகளுக்குச் சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு. உயர்தரத்தில் உயிரியல்தான் என்று லண்டன் சித்தப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார். ரியூசன் காசும் அவர்தான் அனுப்புகிறார். பிள்ளைக்கோ வயலையும் குளத்தையும் கூத்தையும் வைத்துப் புதிதாக ஆட வேண்டும். "ஆடிச் சோறு தின்னலாமா?" என்று தாய் கேட்கிறார்.

அம்மா, உங்கள் பயம் நியாயம். ஆனால் விருப்பமில்லாத பாடத்துக்கு இரண்டு வருடம் ரியூட்டரிக்கு அலைந்து, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி போதாமல் மறுபடி சோதனை எழுதுவதும் செலவுதான். அதைச் சித்தப்பா கணக்கில் எடுக்கவில்லை. காசு அனுப்புகிறவர் என்பதற்காக அவர் பாடத்தைத் தெரிவு செய்ய முடியாது.

பள்ளிக்கூட நடன ஆசிரியர் வேலை நீங்கள் அறிந்ததே, அதை விடுகிறேன். உயர்தரத்தில் நடனம், நாடகமும் அரங்கியலும், புவியியல் எடுக்கட்டும். அதன்பின் யாழ். பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பட்டம், அல்லது மட்டக்களப்புச் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். அரச பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை. அனுமதிக்குச் செய்முறைத் தேர்வு உண்டு. அங்கே பரத அடிப்படையைத்தான் முதலில் பார்ப்பார்கள். அடவு, அதாவது பரதத்தின் அடிப்படை அசைவு, சுத்தமில்லாமல் 'புதுமை' என்று போய் நிற்கக்கூடாது.

அவளுடைய தனிப்பலம் உங்கள் வயலில் இருக்கிறது. தாய்வானின் கிளவுட் கேட் நடனக் குழு 2013 இல் நெல்லை வைத்து ஒரு முழு நடனம் செய்தது. ஆடுபவர்கள் முதலில் வயலில் இறங்கி அறுவடை செய்தார்கள். நம் மேடைகளில் உழவர் நடனம் என்றால் எல்லோரும் நாற்று நடுகிறார்கள். வன்னியில் பெரும்பாலும் விதைப்புத்தானே? அப்பா புழுதி விதைப்புக்கு, அதாவது காய்ந்த மண்ணில் நெல் வீசி விதைக்க, போகும்போது பிள்ளை கூடவே போகட்டும். விதைநெல் கடகம் (ஓலைக் கூடை) எந்த இடுப்பில், ஒரு வீச்சுக்கு எத்தனை காலடி, கை திரும்பும்போது தோள் எங்கே நிற்கிறது என்று பார்த்து எழுதட்டும். பிறகு ஐந்து கிலோ நெல்லைக் கடகத்தில் போட்டு அதே நடையைப் பழகட்டும். வெறுங் கடகத்தோடு தொடங்கினால் இடுப்பு சரியாது, பாரம் பொய்யாகத் தெரியும். பாரம் உடம்பில் ஏறிய பிறகு கடகத்தை எடுத்துவிட்டு ஆடலாம்.

அருவி வெட்டும் (நெல் அறுப்பு) சூடு மிதிப்பும் (கதிரை மிதித்து நெல் பிரிப்பது) மெசினுக்குப் போய்விட்டதால் அந்த அசைவுகள் அம்மம்மாக்களிடம்தான் மிச்சம். இடக்கை தாளைப் பிடிக்க, அரிவாள் தன் பக்கம் இழுபடும். முழங்கால் சற்று மடிந்து, குனிவு இடுப்பிலிருந்து வர வேண்டும். முதுகை வளைத்துக் குனிந்தே பழகினால் நாரி (இடுப்புக்கு மேல் முதுகு) பிடிக்கும். சீமெந்துத் தரையில் காலைத் தட்டி ஆடும் தட்டடவு பழகினால் கணுக்காலும் முன்னங்காலும் நோகும். மெழுகிய மண் முற்றம் நல்லது. முல்லைத்தீவுக் கோவலன் கூத்தைப் பாட்டுக்காக மட்டும் பார்க்காமல், கால் வைப்பையும் சுற்றி வருவதையும் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் கேட்டுப் படிக்கட்டும்.

இப்படிச் சேர்த்ததில் மூன்று நிமிடத் துண்டு ஒன்று செய்து, போனை அசையாமல் வைத்து, பாதம் தெரிய, வெட்டாமல் எடுக்கட்டும். முதலில் பாட்டே வேண்டாம். சினிமாப் பாட்டுப் போட்டால் அசைவின் ஓட்டை எல்லாம் மறைந்துவிடும்.

பட்டம் எடுத்த கையோடு ஒழுங்கான சம்பளம் வரும் என்று சொல்லமாட்டேன். பள்ளிக்கூடங்களின் தமிழ்மொழித் தினப் போட்டிகளுக்கு நடனம் அமைப்பது, நாடகக் குழுக்களோடு வேலை செய்வது, சிறுவர் வகுப்பு என்று சில வருடம் துண்டு துண்டாகத்தான் வரும். அதனால்தான் கடன் கூடாது என்கிறேன். அரங்கேற்றத்துக்கு வயலை ஈடு வைக்காதீர்கள். பல்கலைக்கழக அனுமதிக்கு அது நிபந்தனையே அல்ல. வெளிநாட்டு டிப்ளோமாவுக்கும் இப்போது காசு கட்ட வேண்டாம்.

ஒன்றை மட்டும் நீங்களே பாருங்கள். யாரும் சொல்லாமல் பிள்ளை விடியப் பயிற்சி செய்கிறாளா? உடுப்பும் மேடையும்தான் ஆசை என்றால் நானே மறிப்பேன். செய்கிறாள் என்றால் இந்தக் கிழமையே அதிபரைக் கண்டு பிரிவை மாற்றுங்கள். பாடம் ஓடிவிட்டால் பிந்தி வந்து பிடிப்பது கஷ்டம்.