நெஞ்சுக்குழிக்கு மேலே கல் மாதிரி ஒரு கட்டி

கேள்வி: எனக்கு வயது 43, மும்பை செம்பூரில் இருக்கிறேன். சர்க்கரை நோய் வந்தபிறகு நடைப்பயிற்சி, சாப்பாட்டுக் கட்டுப்பாடு என்று எட்டு மாதத்தில் 13 கிலோ குறைத்தேன். போன மாதம் குளிக்கும்போது நெஞ்சுக்குழிக்கு நேர் மேலே கல் மாதிரி ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. அழுத்தினால் வலிக்கிறது. மனைவிக்கும் மகனுக்கும் அதே இடத்தில் தொட்டுப் பார்த்தேன், அவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. ராத்திரி தூக்கமே போய்விட்டது. நேராகப் பரேல் டாடா புற்றுநோய் மருத்துவமனைக்கே போய்விடலாமா?

பதில்: டாடாவுக்கு இப்போது போக வேண்டாம். நடு நெஞ்சில், சரியாக மையத்தில், எலும்பு மாதிரியே கெட்டியாக, அசையாமல், அதுவும் உடம்பு இளைத்தபிறகு கையில் தட்டுப்படுகிறது என்றால், அது பெரும்பாலும் உங்கள் நெஞ்செலும்பின் கீழ் நுனிதான். பிறந்ததிலிருந்து அங்கேயே இருக்கிறது. மேலே இருந்த கொழுப்பு கரைந்ததும் இப்போது உங்கள் விரலுக்குச் சிக்கியிருக்கிறது, அவ்வளவுதான். நேரில் தொட்டுப் பார்க்காமல் நான் முழு உறுதி தர முடியாது. அதனால் பக்கத்திலிருக்கும் ஒரு பொது மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

அதற்குள் நீங்களே ஒன்று செய்து பாருங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டைக்குழியில் ஒரு விரலை வையுங்கள். இரண்டு பக்கமும் உருண்டையாகத் தட்டுப்படுவது காறை எலும்புகளின் முனை. அங்கிருந்து விரலை எடுக்காமல் நடுவிலேயே கீழே இறக்கினால், ஏறக்குறைய மூன்று விரல் அகலம் தாண்டியதும் குறுக்காக ஒரு சின்ன மேடு வரும். மேலே கைப்பிடி மாதிரி இருக்கும் துண்டும் அதற்குக் கீழே உள்ள நீளமான துண்டும் சேருகிற இடம் அது. அந்த மேட்டுக்கு இரு பக்கமும் வந்து ஒட்டுவது இரண்டாவது விலா எலும்பு. முதல் விலா காறை எலும்புக்கு அடியில் ஒளிந்திருப்பதால் அதைத் தொட்டு எண்ணுவது கஷ்டம். எனவே நாங்கள் இந்த மேட்டிலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறோம். இசிஜி எடுக்கும்போது முதல் இரண்டு ஒட்டிகளை நெஞ்சில் ஒட்டுவார்களே, நான்காவது விலா இடைவெளியை அவர்கள் கண்டுபிடிப்பதும் இந்த மேட்டை வைத்துத்தான்.

சரி, இன்னும் கீழே வாருங்கள். எலும்பு தட்டையாக இறங்கிக்கொண்டே போய், இரண்டு பக்க விலா ஓரங்களும் தலைகீழ் 'வி' மாதிரி கூடுகிற இடத்தில் முடியும். அந்த முடிவில் ஒரு சின்ன மொட்டு இருக்கும். அதற்கு ஜிஃபாய்டு என்று பெயர், கிரேக்க மொழியில் வாள் போன்றது என்று அர்த்தம். பழைய உடற்கூறியல்காரர்களுக்கு நெஞ்செலும்பு மொத்தமும் ஒரு குட்டை வாளாகத் தெரிந்திருக்கிறது: கைப்பிடி, உடல், நுனி. நீங்கள் கட்டி என்று சொல்வது அந்த நுனியை.

அப்படியானால் மனைவிக்கு ஏன் இல்லை? இருக்கிறது. இந்த நுனி அளவுக்கு ஆளுக்கு ஆள் மாறுபடும் எலும்பு உடம்பில் குறைவு. சிலருக்கு உள்பக்கம் வளைந்திருக்கும், சிலருக்கு முன்பக்கம் துருத்தும், சிலருக்கு நுனி இரண்டாகப் பிரிந்திருக்கும், நடுவில் ஓட்டைகூட இருக்கும். எல்லாமே இயல்புதான். உள்ளே வளைந்தது, அல்லது மேலே சதை மூடியது, கைக்குத் தட்டுப்படாது. மகனுக்கு வேறு காரணமும் உண்டு. சின்ன வயதில் அந்த இடம் வெறும் குருத்தெலும்பு, காது மடல் மாதிரி வளையும். நாற்பது வயதை ஒட்டித்தான் அது மெல்ல எலும்பாக இறுகும். உங்களுக்கு இறுகுகிற வயதும் இளைத்த உடம்பும் ஒரே நேரத்தில் வந்திருக்கிறது.

வலிக்கு வருகிறேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதை அழுத்திப் பார்க்கிறீர்கள்? மாட்டுங்காவிலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கும் இதே நுனிதான். தைலம் தேய்த்துத் தேய்த்து அந்த இடத்துத் தோலே கருத்துப்போயிருந்தது. அழுத்துவதை நிறுத்தச் சொன்னேன், மூன்று வாரத்தில் வலி போய்விட்டது. இன்னொன்று, நீங்கள் ஹார்பர் லைன் ரயிலில் வேலைக்குப் போகிறவராக இருந்தால், கூட்டத்துக்காக லேப்டாப் பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு நிற்பீர்கள், இல்லையா? உள்ளே இருக்கும் டிபன் பாக்ஸின் விளிம்பு சரியாக இந்த நுனியில் குத்தும், பின்னாலிருந்து கூட்டம் தள்ளத் தள்ள அது இன்னும் அழுந்தும். வயிற்றுத் தசையும் உதரவிதானமும் இந்த நுனியைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கின்றன, அதனால் நாள்பட்ட இருமலோ புதிதாகத் தொடங்கிய வயிற்றுப் பயிற்சியோகூட அங்கே வலி கொடுக்கும். பையை இன்னும் கீழே இறக்கி மாட்டுங்கள், அல்லது மேலே தட்டில் வையுங்கள்.

நெஞ்செலும்பின் ஓரத்தில் வரும் வலி வேறு. விலா மொத்தம் 12 ஜோடி, ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே கணக்குதான். மேலே உள்ள ஏழும் தங்கள் தங்கள் குருத்தெலும்பு வழியாக நேரே நெஞ்செலும்பில் சேரும். அடுத்த மூன்றும் மேலே இருக்கிற குருத்தெலும்பில் போய் ஒட்டிக்கொள்ளும். கடைசி இரண்டும் முன்னால் எதிலும் ஒட்டாது. ஒவ்வொரு மூச்சுக்கும் இந்தக் கூடு விரிந்து சுருங்க இடம் கொடுப்பது அந்தக் குருத்தெலும்புகளின் வளைந்து கொடுக்கும் தன்மைதான். அவை நெஞ்செலும்பில் சேரும் இடம் அழற்சியானால் தும்மினால்கூடச் சுரீரென்று வலிக்கும். பயமுறுத்தும், ஆனால் ஆபத்தில்லை.

இனி நான் கவலைப்படுகிற விஷயங்கள். அந்த இடம் வாரத்துக்கு வாரம் பெரிதானால், மெத்தென்று இருந்து இருமும்போது புடைத்தால், நாடி மாதிரி துடித்தால், மேல் தோல் சிவந்து சூடானால் தாமதிக்காமல் காட்டுங்கள். மெத்தென்று புடைப்பது பெரும்பாலும் குடலிறக்க வகைதான், அதற்கு வைத்தியம் வேறு. எடை நீங்கள் முயன்று குறைத்தது என்பதால் நிம்மதி. இப்போது முயற்சியை நிறுத்தியும் தானாகக் குறைந்துகொண்டே போனால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது இது. நீங்கள் சர்க்கரை நோயாளி. சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு சில சமயம் நெஞ்சுவலியே இல்லாமல், வெறும் நெஞ்சுக்குழி எரிச்சலாகவோ மூச்சு வாங்குவதாகவோ வரும். ஸ்டேஷன் படியேறும்போது நெஞ்சு கனத்தால், வியர்த்தால், தாடைக்கோ கைக்கோ வலி பரவினால், அது இந்த எலும்பு இல்லை. கேஸ் என்று சோடா குடித்துவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். விரலால் தொட்டால் மட்டும், அதே புள்ளியில் மட்டும் வலித்தால் எலும்பின் பக்கம் சந்தேகம் கூடும், ஆனால் அதை மட்டும் வைத்து இதயம் நன்றாக இருக்கிறது என்று யாரும் முடிவு கட்டக் கூடாது. பொது மருத்துவரிடம் போகும்போது ஒரு இசிஜியும் எடுத்துக்கொள்ளுங்கள், கடைசி மூன்று மாத சர்க்கரை ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். தேவைப்பட்டால் பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுப்பார், அதில் நுனி எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். அதுவரை இரண்டு வாரம் அந்த இடத்தில் கை வைக்காதீர்கள்.