ஊர்சுத்தி பதில்கள்: ரெண்டு நாள் கண்டி

இந்தத் தடவை வந்த கடிதாசில பாதி கண்டியப் பத்தித்தான், ஸ்கூல் லீவு வருதுல்ல. மத்த ஊரெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன், நுவரெலியா கேட்டவங்க கோவிச்சுக்காதீங்க.

அண்ணே, கண்டிக்கு நான் போனதெல்லாம் பெரியாஸ்பத்திரிக்கும் ஆபீஸ் வேலைக்கும்தான். இந்த லீவுல வீட்டுக்காரர், ரெண்டு புள்ளைங்க (9 வயசு, 5 வயசு), முழங்கால் வலிக்கார மாமியார்னு அஞ்சு பேரும் சனி ஞாயிறு போறோம். அவரு பதினோரு இடம் லிஸ்ட் போட்டிருக்காரு, பின்னவலையும் சேத்து. எல்லாத்தையும் பாத்துறலாமா? (தலவாக்கலைப் பக்கம் ஒரு டீச்சர்)

முடியாது டீச்சர். பதினொன்னுல நாலு பாத்தா கெட்டிக்காரத்தனம். மொதல்ல பின்னவலைய வெட்டுங்க, அது கண்டியிலயே இல்ல, கேகாலைப் பக்கம், போய் வரவே அரை நாள் போயிரும், அப்புறம் புள்ளைங்க பஸ்ல வாந்தி எடுத்ததுதான் ஞாபகம் இருக்கும்.

சனிக்கிழமை காலையிலயே கோச்சி ஏறுங்க. ஒன்னு கவனிங்க, பதுளையில இருந்து வர்ற எல்லாக் கோச்சியும் கண்டிக்குள்ள போகாது, பொடி மெனிக்கே போகும், உடரட்ட மெனிக்கே பேராதெனிய ஜங்ஷனோட அப்படியே கொழும்புப் பக்கம் திரும்பிரும். மழைக் காலத்துல மண்சரிஞ்சா லைனே மூடிருவாங்க, அதனால முதல் நாளே ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

ரூம் விஷயத்துல மட்டும் கொஞ்சம் காசு பாக்காதீங்க. நான் ஒரு தடவை விலை குறைவுன்னு போன்லயே ரூம் போட்டுட்டுப் போனா, "டவுன்ல இருந்து அஞ்சு நிமிஷம்"னு சொன்ன எடம் மலை உச்சியில இருந்துச்சு, ஏத்தம்னா அப்படி ஏத்தம், த்ரீவீல்காரரே பாதியில இறங்கி நடக்கச் சொல்லிட்டாரு. ரெண்டு நாளும் த்ரீவீலுக்குக் குடுத்த காசுல நல்ல ரூமே எடுத்திருக்கலாம். உங்க மாமியார் முழங்காலுக்கு வாவிப் பக்கம் சமதரையில எடுங்க, படி எத்தனைன்னும் கேட்டுட்டு எடுங்க.

பின்னேரம் வாவிக்கரை. சுத்தி நடந்தா மூணு கிலோமீட்டருக்கு மேல வரும், அவ்வளவும் வேணாம், தலதா மாளிகைப் பக்கத்துக் கரையோட போதும், மரநிழல் இருக்கு, மீனுக்குப் பொரி போடலாம், புள்ளைங்க அதுலயே அரை மணித்தியாலம் நிப்பாங்க. முந்தி வயலா கெடந்த எடத்தத்தான் 1807ல கடைசி ராசா வாவியாக்கினாரு. கரையோரம் அலை அலையா முக்கோணப் பொந்து வச்ச சுவர் ஒன்னு பாப்பீங்க, அதுக்கு மேகச் சுவர்னு பேரு.

அப்படியே தலதா மாளிகைக்கு, அதான் புத்தரோட பல்ல வச்சிருக்கிற கோயிலுக்குப் போங்க. தேவாவ பூசை ஒரு நாளைக்கு மூணு, விடிய 5.30, காலையில 9.30, பின்னேரம் 6.30. பின்னேரப் பூசையில கூட்டம் சாஸ்தி, ஆனா அந்த மேளச் சத்தத்துக்காகவே போகணும், கீழ் மாடத்துல நின்னு அடிப்பாங்க, நெஞ்சுக்குள்ள வந்து இடிக்கும். பல்லுப் பேழை இருக்கிற அறைக்கு மேல் மாடிக்குப் போகணும், லைன் நீளமா நிக்கும், மாமியார கீழயே ஒக்கார வச்சிட்டு நீங்க மாறி மாறிப் போய்ட்டு வாங்க. நம்ம நாட்டாளுங்களுக்கு டிக்கெட் இல்ல, ஐசி (அடையாள அட்டை) எல்லார்கிட்டயும் இருக்கட்டும், செக்கிங் கடுமை, 1998ல குண்டு வெடிச்ச எடமாச்சே. தோளும் முழங்காலும் மூடின உடுப்பு, செருப்பு வெளியில. கையில்லாத சட்டையோட போய் வாசல்ல சால்வை தேடி அலையாதீங்க.

ஞாயிறு முழுக்க பேராதெனியப் பூங்கா. 147 ஏக்கர், மூணு பக்கமும் மகாவலி வளைஞ்சு ஓடுது, காலை 7.30க்குத் தொறந்ததும் உள்ள போயிருங்க, பத்து மணிக்குப் பொறகு வெயிலும் கூட்டமும் ஒன்னா வரும். பெரிய புல்வெளியில ஒத்தை மரமா ஒரு ஜாவா அத்தி நிக்கும், மரமா கூடாரமான்னு தெரியாத அளவுக்குக் கிளை பரப்பி, அதுக்குக் கீழ பாய விரிச்சா உங்க வீட்டுக்காரர் லிஸ்ட்டையே மறந்துருவாரு. இங்கிலாந்து அஞ்சாம் ஜோர்ஜ் ராசா பட்டத்துக்கு வர முந்தி 1901ல நட்ட நாகலிங்க மரமும் உள்ளதான் இருக்கு. உச்சி மரத்துல பழந்தின்னி வௌவால் கொத்துக் கொத்தாத் தொங்குறத சின்னவனுக்குக் காட்டுங்க.

வீட்டுக்குத் திரும்ப பூங்கா வாசல்லயே ஹட்டன் பஸ் மறிக்கலாம், ஆனா ஞாயித்துக்கிழமை பின்னேரம் சீட்டு கெடைக்காது. ஆறு கிலோமீட்டர் பின்னாடி போனாலும் பரவால்ல, கண்டி பஸ் ஸ்டாண்டுக்கே போய் ஒக்காந்து வாங்க.

கண்டியோட கடைசி ராசா தமிழர்னு எங்க வகுப்புல ஒரே சண்டை. அது உண்மையா? கண்டிக்குப் போனா அவரு சம்பந்தமா என்ன பாக்கலாம்? (பண்டாரவளை, ஏ லெவல் மாணவன்)

தம்பி, சண்டையில ரெண்டு பக்கமும் பாதி சரி. ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் நாயக்கர் வம்சம், பட்டத்துக்கு முந்தின பேரு கண்ணுசாமி. மதுரை நாயக்கர் வழிச் சொந்தம், வேர் தெலுங்கு, புழக்கத்துல தமிழும் இருந்துச்சு, ஆனா ஆண்டது பௌத்த ராச்சியம். 1739ல இருந்து 1815 வரைக்கும் நாலு நாயக்க ராசாக்கள் வரிசையா கண்டிய ஆண்டாங்க. அதுல கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன்தான் 1753ல சியாமுல (இப்பத்த தாய்லாந்துல) இருந்து பிக்குமாரை வரவழைச்சு உபசம்பதாவ, அதாவது பிக்குமாருக்கான முழுத் தீட்சையத் திரும்பத் தொடங்கி வச்சவரு, சியாம் நிக்காயங்கிற பிக்குமார் பிரிவுக்குப் பேரே அதுல வந்ததுதான். இத வகுப்புல சொல்லிப் பாரு, ரெண்டு பக்கமும் கொஞ்ச நேரம் அமைதியாயிரும்.

பாக்க வேண்டியது: மாளிகை முகப்புல எட்டு மூலை மண்டபம் இருக்கே, பத்திரிப்புவ, அது அவரு கட்டினது. அதே வளவுக்குள்ள மரத்தூண் நிக்கிற மகுல் மடுவங்கிற ராசசபை மண்டபம், 1815 மார்ச் 2ல கண்டிய வெள்ளைக்காரனுக்கு எழுதிக் குடுத்த ஒப்பந்தம் அங்கதான் நடந்துச்சு. வெளிய வந்தா மலபார் வீதி, ராசாவோட சொந்தக்காரங்க குடியிருந்த தெரு அது, இப்ப சும்மா நடந்து போனா ஒன்னும் தெரியாது, தெரிஞ்சு போனா வேற மாதிரி இருக்கும். சிம்மாசனத்தையும் கிரீடத்தையும் கண்டியில தேடாத, அது கொழும்பு மியூசியத்துல, 1934ல இங்கிலாந்துல இருந்து திருப்பிக் குடுத்தது.

ஆனா தமிழ் ராசான்னு தலையில தூக்கி வச்சு ஆடவும் வேணாம். எஹெலப்பொல வளவ்வுக்கும் (ராசாவ எதிர்த்துக் கிளம்பின பிரதானியோட வீடு) போயிட்டு வா, 1814ல அந்தக் குடும்பத்துப் பொம்பளையையும் புள்ளைங்களையும் கொல்லச் சொன்னதும் இதே ராசாதான். சனங்களும் பிரதானிகளும் வெறுத்துப் போன நேரம் பாத்துத்தான் வெள்ளைக்காரன் உள்ள வந்தான். ராசாவப் புடிச்சு வேலூர்க் கோட்டைக்கு அனுப்பிட்டாங்க, 1832ல அங்கயே செத்தாரு, பாலாத்தங்கரையில முத்து மண்டபம்னு சமாதி இருக்கு.

நாங்க மூணு பிரெண்ட்ஸ், ஒரே ஒரு நாள்தான் லீவு. மாளிகையும் பூங்காவும் ஸ்கூல் ட்ரிப்லயே பாத்தாச்சு. நம்ம ஆளுங்க சம்பந்தப்பட்ட எடம் ஏதாவது இருக்கா அண்ணே? (புசல்லாவ, ஒரு தங்கச்சி)

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்துக்கிட்டிருந்தேன் தங்கச்சி. எல்லாரும் ஹந்தானை தேயிலை மியூசியத்தச் சொல்லுவாங்க, 1925ல கட்டின பழைய பெக்டரி, 2001ல மியூசியமாக்கினாங்க, 1867ல லூல்கந்துரவுல தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரோட சாமானெல்லாம் இருக்கு. நல்ல எடந்தான். ஆனா மிசினுக்கும் தொரைமாருக்கும் இருக்கிற எடம் கொழுந்து எடுத்த கைக்கு இல்லன்னு எனக்குப் பட்டுச்சு. அதுக்கு கம்பளைப் பக்கம் பழைய பீக்கொக் தோட்டத்துல தொழிலாளர் மியூசியம் இருக்கு, லயத்துக் காம்பராவுலயே (தொழிலாளர் குடியிருந்த லைன் வீடு) வச்சிருக்காங்க, உனக்கு வீட்டுக்குப் போற வழிதான். போக முந்தி விசாரிச்சுக்கிட்டுப் போங்க. 1823ல நம்ம ஆளுங்கள மொதமொதல்ல கோப்பித் தோட்டத்துக்குக் கொண்டாந்ததும் கம்பளையச் சுத்தித்தான், 2023ல மலையகம் 200னு நடந்தோமே, அந்தக் கணக்கு அங்கதான் தொடங்குது.

மிச்ச நேரத்துக்கு மூணு பேரும் காசு சேத்து பிலிமத்தலாவையில ஒரு த்ரீவீல் புடிங்க, கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்கன்னு மூணு பழைய கோயிலையும் அரை நாள்ல முடிக்கலாம். கடலாதெனிய விகாரையக் கட்டினவரு கணேஸ்வராச்சாரி, தென்னிந்தியச் சிற்பி, 1344ல. கல்லுத் தூணப் பாத்தா நம்ம ஊரு கோயில் மாதிரியே இருக்கும். லங்காதிலகவுல பாறையில சிங்களத்தோட தமிழ்லயும் கல்வெட்டு இருக்கு, படிக்கத்தான் வராது, அந்தக் காலத்து எழுத்து. எம்பெக்க கதிர்காமத்து சாமி கோயில், மரத்தூண் ஒவ்வொன்னுலயும் ஒவ்வொரு சித்திரம், மல்யுத்தக்காரன், ரெண்டு தலைப் பறவை, புள்ளைக்குப் பால் குடுக்கிற தாய். போட்டோ எடுக்கிறப்ப புத்தருக்கு முதுகக் காட்டி நிக்க வேணாம், வம்பாயிரும்.

த்ரீவீல்காரர் "வழியில ஸ்பைஸ் கார்டன் ஒன்னு இருக்கு, சும்மா பாத்துட்டுப் போவோம்"னு கேப்பாரு. சும்மா இல்ல, கொமிஷன். வேணாம்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிருங்க.

பெரஹராவுக்கே போனா ஒரே கல்லுல ரெண்டு மாங்காதானே? (ஹட்டன்)

மாங்கா விழும், ரூம் விழாது. எசல பெரஹரா, அதான் மாளிகையோட யானை ஊர்வலத் திருவிழா, ஆடி ஆவணியில வரும், மொதல்ல கும்பல் பெரஹரா அஞ்சு நாள், அதுக்குப் பொறகு பெருசா ரந்தோலி பெரஹரா அஞ்சு நாள், கடைசி ரந்தோலிக்கு ரோட்டோரத்துல எடம் புடிக்கவே மத்தியானத்துல இருந்து ஒக்காரணும், ரூம் விலையும் ரெண்டு மூணு மடங்காகிரும். கும்பல் பெரஹராவுல மொத ரெண்டு நாளுக்குள்ள போங்க, யானை குறைவா இருக்கும், கூட்டமும் குறைவு, நின்ன எடத்துல இருந்தே பாக்கலாம். தலதாவுக்குப் பின்னாடி நாத, விஷ்ணு, கதிர்காம தேவாலயங்க வந்து கடைசியா பத்தினி தேவாலய ஊர்வலம் வரும், பத்தினின்னா நம்ம கண்ணகி அம்மாதான், அது வர முந்தி எழும்பி பஸ்ஸுக்கு ஓடிராதீங்க. கைக்கொழந்தை இருந்தா சாட்டை அடிக்கிறவங்களுக்கும் தீப்பந்தக்காரங்களுக்கும் கிட்ட நிக்க வேணாம்.